ஏணியைப் பிடித்திருக்கும் கைகள்: கோச்சிங்கில் பட அட்டைகள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

நன்றாகப் பேசத் தெரிந்தவர்களுக்குக் கோச்சிங் செய்வது, அதாவது கேள்விகள் கேட்டு அவர்களே தம் வேலைச் சிக்கலுக்கு வழி காண உதவுவது, எளிது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். நடைமுறையில் நேர்மாறு. கேள்வி முடியும் முன்பே பதில் தயாராக இருக்கும். அந்தப் பதிலில் குறை சொல்லவும் ஏதும் இருக்காது. "எல்லாம் சரியா இருக்கணும்னு ரொம்ப எதிர்பார்க்கிறேன், அதைக் குறைச்சுக்கணும்" என்று நோயையும் அவர்களே சொல்லி, மருந்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். அடுத்த அமர்வுக்கு வரும்போது எதுவும் மாறியிருக்காது. இந்த ஆய்வில் வரும் மேலாளர் அப்படிப்பட்டவர். மூன்று அமர்வுகள் பேச்சிலேயே கழிந்த பிறகு நான்காவதில் படங்கள் மேசைக்கு வந்தன. அவை எதைச் செய்தன, எதைச் செய்யவில்லை என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

இது தனியொருவரின் பதிவு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட அட்டைகளை வைத்து நடக்கும் அமர்வுகளில் திரும்பத் திரும்பத் தென்படும் போக்குகளைச் சேர்த்து, ஒரே ஆளின் கதையாகக் கட்டியிருக்கிறேன். கோச்சிங்கில் ரகசியம் காக்கும் கடமை இருக்கும்போது நேர்மையாக எழுத இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆய்வாளர்களின் பெயரோடும் ஆண்டோடும் வரும் செய்திகள் மட்டும் வெளியான ஆய்வுகளிலும் நூல்களிலும் உள்ளவை.

பின்னணி

பொருள்களின் தரத்தைச் சோதித்து அறிக்கை தரும் ஓர் ஆய்வகத்தின் தலைவர் அவர். நாற்பதைத் தாண்டியவர். அதே ஆய்வகத்தில் பல ஆண்டுகள் சோதனையாளராக இருந்து, கைத்திறமையால் பெயர் வாங்கி, அண்மையில்தான் தலைமைக்கு வந்திருந்தார். அவருக்குக் கீழே நான்கு பிரிவுப் பொறுப்பாளர்கள். வெளியே போகும் ஒவ்வோர் அறிக்கையையும் அவரே வரிவரியாகப் படித்து, திருத்தி, கையெழுத்துப் போட்டார். அறிக்கைகள் தேங்கின. அவரும் இரவு வரை அலுவலகத்தில் தங்கினார். பிரிவுப் பொறுப்பாளர்களில் ஒருவர் வேறு வேலை தேடுவதாகப் பேச்சு அடிபட்டது. நிறுவனம் அவரைக் கோச்சிங்குக்கு அனுப்பும்போது எழுதிக் கொடுத்த இலக்கு ஒற்றை வரி: பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்த இலக்கோடு அவருக்கு எந்தச் சண்டையும் இல்லை. மேலாண்மைப் பயிற்சிகளுக்கெல்லாம் போய் வந்தவர் ஆதலால் எந்த வேலையை யாருக்குத் தரலாம் என்று பட்டியல் போடுவது அவருக்கு அரைமணி வேலை. முதல் மூன்று அமர்வுகளிலும் பட்டியல் போட்டார். ஒவ்வொரு முறையும் அடுத்த அமர்வில் அந்தப் பட்டியல் ஏன் நடக்கவில்லை என்பதற்குத் தெளிவான, நியாயமான காரணம் வந்தது. கோச் தன் குறிப்பேட்டில் எழுதியது இது: "தன்னைப் பற்றி நிறைய யோசிக்கிறார். யோசித்து முடித்ததைத்தான் என்னிடம் சொல்கிறார். என் எதிரில் அவர் புதிதாக எதையும் யோசிக்கவில்லை."

இந்தக் குறிப்பு நுட்பமானது. தன்னைத் திரும்பிப் பார்ப்பதும் தன்னைப் பற்றித் தெளிவு பெறுவதும் ஒன்றாகவே நடக்கும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். சிட்னி பல்கலைக்கழகத்தில் கோச்சிங் உளவியலை வளர்த்தெடுத்த ஆண்டனி கிராண்ட், வேறு இரண்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2002-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். தன்னாய்வையும் உட்தெளிவையும் தனித்தனியாக அளப்பது அது. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவர்கள் தன்னாய்வில் மற்றவர்களைவிட அதிகமாகவும் உட்தெளிவில் குறைவாகவும் மதிப்பெண் பெற்றதாக அந்த ஆய்வு சொல்கிறது. தெளிவில்லாததால்தான் எழுதுகிறார்களோ, எழுதி எழுதி ஒரே தடத்தில் சுற்றுகிறார்களோ, அது வேறு கேள்வி. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஏற்கெனவே நிறைய யோசிப்பவரிடம் "இன்னும் ஆழமாக யோசியுங்கள்" என்று சொல்வதில் பயனில்லை. வேறு வழியாக யோசிக்க வைக்க வேண்டும்.

படம் எங்கிருந்து வந்தது

படத்தைக் காட்டிப் பேச வைப்பது கோச்சிங் கண்டுபிடித்த உத்தி இல்லை. ஹெர்மன் ரோர்ஷாக் தன் 10 மைக்கறை அட்டைகளை 1921-இல் வெளியிட்டார். கிறிஸ்டியானா மோர்கனும் ஹென்றி மர்ரேயும் ஹார்வர்டு உளவியல் மருத்துவகத்தில் படம் பார்த்துக் கதை சொல்லும் சோதனையை உருவாக்கி 1935-இல் அறிமுகப்படுத்தினர். (1943-இல் அச்சான பதிப்பில் மோர்கனின் பெயர் இல்லாமல் போனது தனிக் கதை.) இவற்றிலெல்லாம் படத்தைப் பார்த்துப் பேசுபவர் ஒருவர், அந்தப் பேச்சுக்குப் பொருள் சொல்பவர் இன்னொருவர். சாவி நிபுணரின் கையில்.

வேறொரு மரபும் இருக்கிறது. அதுதான் கோச்சிங்குக்கு நெருங்கிய உறவு. மானுடவியலர் ஜான் காலியர் 1957-இல் எழுதிய கட்டுரையில் வெறும் கேள்விகளோடு நடத்திய நேர்காணல்களையும் புகைப்படங்களை நடுவில் வைத்து நடத்தியவற்றையும் ஒப்பிட்டார். படம் இருந்தபோது மக்கள் சலிப்பில்லாமல் நீண்ட நேரம் பேசினார்கள். சொன்னதையே திரும்பச் சொல்வதும் குறைந்தது. 1965-இல் பிரான்சின் லியோன் நகரில் இளைஞர்களோடு வேலை செய்த ஒரு குழு ஃபோட்டோலாங்காஜ் என்ற முறையை உருவாக்கியது. ஒரு கேள்வி, மேசை நிறையப் படங்கள், ஆளுக்கு ஒரு தேர்வு, பிறகு குழுவில் பேச்சு. இங்கே சாவி யாரிடமும் இல்லை. படத்தை எடுத்தவர் சொல்வதுதான் படத்தின் பொருள்.

பிறகு வந்தவை பல. ஓவியர் ஈலி ராமனின் ஓ-அட்டைகளில் 88 படங்களும் 88 சொற்களும் உண்டு; எதை எதோடு வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பதால் 7,744 இணைகள். தலைமைப் பண்புப் பயிற்சிக்கென்று சார்ல்ஸ் பாலஸும் டேவிட் ஹார்த்தும் உருவாக்கிய விஷுவல் எக்ஸ்ப்ளோரர் படத்தொகுப்பு நிறுவனக் கூட்டங்களில் புழங்குகிறது. சூரிச் பல்கலைக்கழகத்தில் மாயா ஷ்டோர்ச், ஃபிராங்க் கிரவுஸே இருவரும் வகுத்த சூரிச் வளமுறை என்ற சுய மேலாண்மைப் பயிற்சியில் படத்தேர்வு முதற்படி. மனத்தில் நல்லுணர்வை எழுப்பும் படத்தை மட்டுமே அங்கே எடுக்கச் சொல்வார்கள். யோசித்து எடுப்பதைவிட உடல் உணர்வதைக் கவனிக்கச் சொல்வார்கள்.

இந்த மேலாளரின் கோச் அந்த விதியைப் பின்பற்றவில்லை. காரணம் நேரடியானது: புதிய இலக்குக்கு ஊக்கம் தேடும் கட்டத்தில் நல்லுணர்வுப் படம் சரி. இங்கே கேள்வி இப்போதைய நிலையைப் பற்றியது. இப்போதைய நிலையில் இருப்பதெல்லாம் நல்லுணர்வாக இருக்க வேண்டியதில்லை.

நான்காவது அமர்வு

மேசையில் ஏறத்தாழ நாற்பது புகைப்படங்கள். எல்லாம் ஒரே அளவு. எதிலும் எழுத்து இல்லை. படங்களைத் தேர்வது இந்த வேலையில் பாதி என்பேன். எல்லாரும் அறிந்த இடமோ பிரபலமோ படத்தில் இருந்தால் பேச்சு அந்த இடத்தைப் பற்றிப் போய்விடும். சிரித்த முகத்தோடு கைகுலுக்கும் விளம்பரப் படங்கள் பயனற்றவை. அவற்றில் பார்ப்பவருக்குச் சேர்க்க எதுவுமில்லை. மலையுச்சியில் கைவிரித்து நிற்பவர், இருவழிப் பிரியும் பாதை, கூட்டிலிருந்து பறக்கும் பறவை ஆகியவை பொருள் ஒட்டியே விற்கப்படும் படங்கள், ஒதுக்கிவிடலாம். என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். ஆனால் ஏன், யாருக்காக, அடுத்து என்ன என்பது தெரியக் கூடாது. அப்படிப்பட்ட படமே வேலை செய்யும். விபத்து, வெள்ளம், நெருப்பு, மருத்துவமனைக் கட்டில் போன்றவற்றை எச்சரிக்கையோடுதான் வைக்க வேண்டும். கோச்சிங் அறையில் திறந்துவிட்டால் மூடத் தெரியாத கதவுகள் இருக்கின்றன.

மேலாளர் படங்களைப் பார்த்ததும் சொன்னார்: "சார், தப்பா நினைக்காதீங்க. இது சின்னப் பிள்ளைங்களுக்கு நடத்துற மாதிரி இருக்கு."

கோச் படங்களின் பெருமையை விளக்கத் தொடங்கவில்லை. "இருக்கலாம். பதினைந்து நிமிஷம் செஞ்சு பார்ப்போம். ஒண்ணும் வரலைன்னா ஓரமா வெச்சுட்டு நம்ம பட்டியலுக்கே போயிடலாம். படத்தை வெச்சு உங்க மனசுல இருக்கிறதை நான் கண்டுபிடிக்கப் போறதில்லை. அப்படி ஒரு வித்தை எனக்குத் தெரியாது" என்றார். இந்தக் கடைசி வரி சடங்குக்குச் சொன்னது இல்லை. படம் என்றாலே 'நம்மைச் சோதிக்கிறார்கள்' என்ற எண்ணம் பலருக்கு வரும். சோதிக்கப்படுவதாக நினைப்பவர் பாதுகாப்பான படத்தைத்தான் எடுப்பார்.

முதல் கேள்வி: "இப்போ உங்க வேலையில் நீங்க இருக்கிற இடத்துக்குப் பக்கத்துல வர்ற படம் எது?" பேசாமல் மேசையைச் சுற்றி நடந்து பார்க்கச் சொன்னார். எழுந்து நடப்பது நல்லது. உட்கார்ந்த இடத்திலிருந்து எடுப்பவர்கள் கைக்கு எட்டுவதையே எடுக்கிறார்கள். சில நிமிடங்களுக்குப் பிறகு மேலாளர் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தோடு வந்தார். ஒருவர் ஏணி மேல் நின்று கூரையில் விளக்கு மாட்டிக்கொண்டிருக்கிறார்.

"இதுதான். மேலே நிக்கிறது நான். வெளிச்சம் வரணும்னா நான்தான் ஏறணும். வேற யாரும் ஏற மாட்டாங்க." பழைய பதில், புதிய உடையில். மூன்று அமர்வுகளாகச் சொன்னதைத்தான் படத்தை வைத்தும் சொன்னார். பலர் இந்த இடத்தில் 'ஏன் இந்தப் படம்?' என்று கேட்டு, கிடைத்த பதிலைக் குறித்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்கள்.

கோச் கேட்டது வேறு: "நான் இந்தப் படத்தைப் பார்த்ததே இல்லைன்னு வெச்சுக்குங்க. என்னென்ன இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. அர்த்தம் இப்போ வேண்டாம்."

"ஒரு அறை. பாதி இருட்டு. ஏணி, மர ஏணி. அதுல ஒரு ஆள், முதுகுதான் தெரியுது. கையில பல்பு. கூரையில ஒயர் தொங்குது. சுவத்துல ஈரக்கறை மாதிரி ஏதோ. ஏணியோட கால்..." இங்கே நின்றார். "கீழே ரெண்டு கை இருக்கு. யாரோ ஏணியைப் பிடிச்சிட்டு இருக்காங்க. ஆள் தெரியலை, கை மட்டும்தான்."

கோச் எதுவும் சொல்லவில்லை. இந்த நிகழ்வில் அவர் செய்த ஆகப்பெரிய காரியம் அதுதான் என்பது என் கருத்து. ஏனென்றால் அந்த நொடியில் எந்தக் கோச்சின் நாக்கிலும் ஒரு வாக்கியம் வந்து நிற்கும்: 'உங்களைத் தாங்கிப் பிடிக்கும் குழு இருக்கிறது, அவர்கள் முகம்தான் உங்களுக்குத் தெரியவில்லை, இல்லையா?' கச்சிதமான வாக்கியம். படத்துக்கும் பொருந்தும், பிரச்சினைக்கும் பொருந்தும், நிறுவனம் எழுதிய இலக்குக்கும் பொருந்தும். மேலாளரும் தலையாட்டி ஏற்றிருப்பார்.

சற்று நேரம் கழித்து அவரே சொன்னது: "இல்ல. மேலே இருக்கிறது நான் இல்ல. அந்தக் கைதான் நான்."

"அந்தக் கை."

"ஆமா. மேலே இருக்கிறது எங்க பசங்க. ஏறத் தெரியாம இல்ல. நல்லாவே ஏறுவாங்க. ஆனா நான் கையை எடுத்தா விழுந்துடுவாங்கன்னு நினைக்கிறேன். அதனால நான் நகர முடியலை."

"அந்தக் கையைப் பத்தி வேற ஏதாவது இருக்கா?"

"வலிக்கும். ரொம்ப நேரமா பிடிச்சிட்டு இருக்கும்." பிறகு: "எனக்கு யாரும் பிடிக்கலை. நான் சேர்ந்த புதுசுல ஒரு அறிக்கை தப்பாப் போச்சு. என் தலைவர் கையெழுத்துப் போட்டிருந்தார், ஆனா படிக்கலை. விசாரணைல நான் தனியா உட்கார்ந்திருந்தேன்."

இதுவரை அவர் சொன்ன காரணம், மற்றவர்களின் திறமையில் நம்பிக்கை இல்லை என்பது. இப்போது வந்தது வேறு: அவர்களின் திறமையை அவர் சந்தேகிக்கவில்லை, தான் கைவிடப்பட்டதுபோல் அவர்களைக் கைவிடக் கூடாது என்று பிடித்துக்கொண்டிருக்கிறார். முதல் காரணத்துக்குத் தீர்வு பயிற்சியும் பட்டியலும். இரண்டாவதற்கு அவை தீர்வாகா. மூன்று பட்டியல்கள் ஏன் நடக்கவில்லை என்பதற்கு இது போதுமான விளக்கம்.

இரண்டாவது கேள்வியும் இருந்தது: எப்படி இருந்தால் நன்றாக இருக்கும்? அதற்கு அவர் திறந்த ஜன்னல் ஒன்றில் திரைச்சீலை காற்றில் அசையும் படத்தை எடுத்தார். விவரிக்கச் சொன்னபோது நான்கு சொற்களில் முடிந்தது. "நல்லா இருந்துச்சு, எடுத்தேன். அவ்வளவுதான்." கோச் அதைத் தோண்டவில்லை. சில படங்களில் ஒன்றும் இருக்காது.

தோண்டினால் என்ன கிடைக்கும்

தோண்டியிருந்தால் பதில் கிடைத்திருக்கும். சிக்கலே அதில்தான். பெட்டர் யோஹான்சன், லார்ஸ் ஹால் முதலியோர் 2005-இல் வெளியிட்ட சோதனையில், பங்கேற்பாளர்களிடம் இரண்டு முகங்களின் புகைப்படங்களைக் காட்டி, எது அதிகக் கவர்ச்சியானது என்று கேட்டார்கள். தேர்ந்த பிறகு, சீட்டு வித்தைக்காரரின் உத்தியால், தேர்ந்தெடுக்காத படத்தைக் கையில் கொடுத்து, ஏன் இதைத் தேர்ந்தீர்கள் என்று கேட்டார்கள். பெரும்பாலான மாற்றங்களை யாரும் கவனிக்கவில்லை. தாம் எடுக்காத படத்தை ஏன் எடுத்தோம் என்று தயக்கமின்றி விளக்கினார்கள். எடுக்காத முகத்தில் மட்டுமே இருந்த காதணியைச் சிலர் காரணமாகச் சொன்னதுண்டு.

படப் பயிற்சி நடத்துபவர்கள் இந்தச் சோதனையை மறக்கக் கூடாது என்பேன். 'ஏன் இந்தப் படம்?' என்ற கேள்விக்கு வரும் பதில், அந்தக் கணத்தில் கட்டப்பட்ட கதையாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. நேர்மையாகக் கட்டப்பட்ட கதைதான், ஆனாலும் கதை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு 'உங்கள் ஆழ்மனம் பேசிவிட்டது' என்று அறிவிப்பது கைரேகை பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

அப்படியென்றால் ஏணிப் படத்தில் வந்ததும் கதைதானே? அவர் அந்தப் படத்தை எடுத்தபோது கைகளைப் பார்க்கவே இல்லை. ஆகவே 'கைகளுக்காகத்தான் எடுத்தார்' என்று யாரும் சொல்ல முடியாது. தேர்வில் உண்மை ஒளிந்திருந்ததாக நான் நினைக்கவில்லை. வேறு படத்தை எடுத்திருந்தாலும், பொறுமையாக விவரித்திருந்தால், அவர் அந்த விசாரணை அறைக்கு வந்து சேர்ந்திருக்கக் கூடும். படம் செய்தது இரண்டு வேலைகள். ஒன்று, தயார்ப் பதில் இல்லாத ஒரு பொருளைப் பற்றிப் பேச வைத்தது. பொறுப்புப் பகிர்வு பற்றி அவரிடம் நூறு வாக்கியங்கள் இருந்தன. மர ஏணியைப் பற்றி ஒன்றுகூட இல்லை. இரண்டு, கோச்சின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவரின் பார்வை மேசைக்கு இறங்கியது. கோச் ஒப்புகிறாரா இல்லையா என்று முகத்தில் தேட வேண்டியிருக்கவில்லை. மௌனம் சங்கடமாக இல்லாமல், பார்ப்பதற்கான நேரமாக ஆனது.

அப்படிக் கிடைத்த கதை உண்மையா என்பதை அறையில் முடிவு செய்ய முடியாது. வெளியே, வேலையில்தான் பார்க்க வேண்டும். அதனால் படத்தைவிட அதற்குப் பிறகு வரும் வாரங்களே எனக்கு முக்கியம்.

"அந்தக் கையைப் பத்தி வேற ஏதாவது இருக்கா?" என்ற கேள்வியின் அமைப்பையும் கவனிக்க வேண்டும். டேவிட் குரோவ் 1980-களில் உளசிகிச்சைக்காக வகுத்த தூய மொழி முறையிலிருந்து வந்த கேள்வி அது. பேசுபவரின் சொல்லையே எடுத்துத் திருப்பித் தருவது. கேட்பவர் தன் உருவகத்தை, தன் விளக்கத்தை உள்ளே நுழைக்காமல் இருப்பது. கோச் 'பாரம்' என்றோ 'பொறுப்பு' என்றோ சொல்லியிருந்தால் பேச்சு மறுபடி பழைய தடத்துக்குப் போயிருக்கும்.

விளக்கம் சொல்லும் கோச்சுகளுக்கு வாடிக்கையாளர்களிடம் நல்ல பெயர் கிடைக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1949-இல் பெர்ட்ரம் ஃபோரர் வெளியிட்ட பரிசோதனையில், மாணவர்கள் எல்லாருக்கும் ஒரே ஆளுமைக் குறிப்பைத் தனித்தனியாக எழுதியதுபோல் கொடுத்தார். அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டபோது 5-க்குச் சராசரியாக 4-க்கும் மேல் மதிப்பெண் போட்டார்கள். 'சிவப்பு நிறப் படத்தை எடுத்தீர்கள், உள்ளே கோபம் இருக்கிறது' என்றால் யாருக்குத்தான் பொருந்தாது?

மேசையிலிருந்து ஆய்வகத்துக்கு

அமர்வின் கடைசிப் பகுதியில் கோச் படத்தைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். "இப்போ சொன்னதுல எது உங்க வேலையில நடக்குது?" இந்தப் பாலம் போடாமல் முடியும் படப் பயிற்சிகள் இதமான அனுபவமாக நின்றுவிடுகின்றன. மேலாளர் யோசித்துச் சொன்னது: "எல்லா ஏணியும் உயரம் இல்ல. சில அறிக்கையில தப்பு வந்தா திருத்தி அனுப்பலாம். சிலதுல தப்பு வந்தா ஒருத்தருக்கு அடிபடும். நான் ரெண்டையும் ஒரே மாதிரி பிடிச்சிட்டு இருக்கேன்."

அதன்படி அறிக்கை வகைகளை அவரே பிரித்தார். திருத்தக்கூடிய வகையில் ஒன்றை மட்டும், இரண்டு வாரங்களுக்கு, பிரிவுப் பொறுப்பாளரின் சரிபார்ப்போடு விடுவது என்று முடிவு. பழைய பட்டியல்களில் பதினைந்து வேலைகள் இருந்தன, இதில் ஒன்றுதான்.

அடுத்த அமர்வில் அவர் கொண்டுவந்த செய்தி கலவையானது. விட்ட அறிக்கைகளில் ஒன்றில் அலகு தவறாக அச்சாகியிருந்தது. வாடிக்கையாளர் சுட்டிக்காட்டினார். பிரிவுப் பொறுப்பாளர் தானே அழைத்துப் பேசி, திருத்திய அறிக்கையை அனுப்பிவிட்டு, அதன் பிறகுதான் மேலாளரிடம் சொன்னார். அதில் மேலாளருக்குப் பெருமை. அதே வாரத்தில், விடவேண்டியதில்லாத இன்னொரு வகையை முன்பைவிடக் கடுமையாக, இருமுறை படித்துக் கையெழுத்திட்டிருந்தார். "ஒரு கையை எடுத்தேன், இன்னொரு கையில இறுக்கிட்டேன்."

அந்த அமர்வில் அட்டைகள் வரவில்லை. ஒரே உத்தியை அடுத்தடுத்துப் பயன்படுத்தினால் அது வழக்கமாகி, அதற்கும் தயார்ப் பதில் வந்துவிடும். கோச் வேறொன்றைக் கேட்டார்: நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் ஏணிகளை ஒரு வாரம் கைப்பேசியில் படமெடுத்து வாருங்கள். சொந்தப் படங்களை வைத்துப் பேசும் வழியை முறைப்படி வகுத்தவர்களில் ஜூடி வைசர் முதன்மையானவர். 1993-இல் வெளியான அவருடைய நூல், ஒருவர் எடுத்த படம், அவரை மற்றவர் எடுத்த படம், தன்னைத் தானே எடுத்த படம், குடும்ப ஆல்பம் என்று வகை பிரித்து, ஒவ்வொன்றும் வேறுவேறு பேச்சைத் திறக்கும் என்று காட்டுகிறது. அவருடைய களம் உளசிகிச்சை. கோச்சிங்கில் நான் முதல் வகையோடு நின்றுகொள்வேன். குடும்ப ஆல்பத்தைத் திறக்க வேறு பயிற்சி வேண்டும்.

வேலையிடத்தில் படமெடுப்பதற்கு மூன்று விதிகளை இருவரும் பேசி வைத்தார்கள்: யாருடைய முகமும் வேண்டாம், படிக்கும்படி எந்த ஆவணமும் வேண்டாம், நிறுவனம் படமெடுக்கத் தடை செய்த இடத்தில் எடுக்க வேண்டாம். அமர்வு முடிந்ததும் படங்களை அவரே அழித்துவிடுவார். கோச்சுக்கு அனுப்ப வேண்டியதில்லை.

கொண்டுவந்த படங்களில் பெரும்பாலானவை சாதாரணம்: நாற்காலி, கதவு, மாலையில் காலியான நடைவழி. ஒன்றில் அவருடைய மேசை ஓரத்துத் தட்டு, அதில் கையெழுத்துக்குக் காத்திருக்கும் கோப்புகள். வேறு கோணத்திலிருந்து, அதாவது கோப்பைக் கொண்டுவந்து வைப்பவர் நிற்கும் இடத்திலிருந்து எடுத்திருந்தார். திட்டமிட்டு எடுத்ததில்லை, அங்கிருந்துதான் வெளிச்சம் சரியாக இருந்ததாம்.

"இங்கே நின்னு பார்த்தா நான் பிடிக்கிற மாதிரி தெரியலை. மறிக்கிற மாதிரி தெரியுது."

ஏணிப் படத்தைவிட இதுதான் அவரை அதிகம் உலுக்கியது என்று நினைக்கிறேன். அட்டைப் படம் அவருடைய நோக்கத்தை அவருக்குக் காட்டியது. நோக்கம் நல்லதாக இருந்ததால் அதில் ஓர் ஆறுதலும் இருந்தது. சொந்தப் படம் அந்த நோக்கம் எதிர்ப்புறத்தில் எப்படித் தெரிகிறது என்பதைக் காட்டியது. அதில் ஆறுதல் இல்லை.

உள்ளே தேடியதும் வெளியே இருந்ததும்

இதுவரை படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். எல்லா அறிக்கையிலும் தலைவர் கையெழுத்து என்பது அவருடைய மனப்போக்கு மட்டும்தானா? கோப்புத் தட்டின் படத்தைப் பேசும்போதுதான் கோச்சும் அதைக் கேட்டார். ஆய்வகத்தின் எழுதப்பட்ட நடைமுறையிலேயே, அறிக்கையை ஆய்வகத் தலைவர் ஒப்புதல் அளித்து வெளியிட வேண்டும் என்று இருந்தது. முந்தைய தலைவர் காலத்து வரி. முந்தைய தலைவர் படிக்காமலே கையெழுத்திட்டதால் வேலை ஓடியது. இவர் படித்துக் கையெழுத்திட்டதால் தேங்கியது!

சோதனை ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 தரநிலை, முடிவுகளைச் சரிபார்த்து ஒப்புதல் அளிக்கும் பணிக்குத் தகுதியானவர்களுக்கு ஆய்வகம் அதிகாரம் அளிக்க வேண்டும் என்கிறது. அது தலைவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆக, தடை தரநிலையில் இல்லை. உள்ளூர் நடைமுறையின் ஒரு வரியில் இருந்தது. நிறுவனம் தானே எழுதிய வரியை வைத்துக்கொண்டு, 'பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கத் தெரியவில்லை' என்று ஆளைக் கோச்சிங்குக்கு அனுப்பியிருக்கிறது.

படப் பயிற்சிகளில் எனக்குள்ள பெரிய தயக்கம் இதில்தான். அவை பார்வையை உள்ளே திருப்புவதில் வல்லவை. அந்த வல்லமையே ஆபத்து. அமைப்பில் இருக்கும் பிழையையும் ஒருவர் தன் குணமாக, தன் காயமாக விளங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியும். படமும் பொருந்தும், கண்ணும் கலங்கும், நடைமுறை வரி அப்படியே இருக்கும். குழுவாக இதைச் செய்யும்போது இன்னும் கவனம் தேவை. மேலதிகாரி அதே அறையில் இருந்தால் எல்லாரும் சூரிய உதயப் படத்தையே எடுப்பார்கள். அதை 'குழுவின் நம்பிக்கை' என்று அறிக்கையில் எழுதுவார்கள்.

இந்த நிகழ்வில் அந்த ஆபத்து தவிர்ந்ததற்குக் காரணம், படத்துக்குப் பிறகு "வேலையில எங்கே நடக்குது?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டதுதான். மனத்தைப் பற்றிய கேள்வியோடு நின்றிருந்தால் தட்டும் கோப்பும் நடைமுறையும் பேச்சுக்கு வந்தே இருக்காது.

அடுத்த இரண்டு அமர்வுகளும் படங்களே இல்லாமல் நடந்தன. தன் மேலதிகாரியிடம் எப்படிப் பேசுவது என்பதற்கான தயாரிப்பு அது: எந்தெந்த அறிக்கை வகைக்கு யாருக்கு ஒப்புதல் அதிகாரம் தரலாம், அவர்களுடைய தகுதியை எப்படிப் பதிவு செய்வது, தவறு நேர்ந்தால் விசாரணையில் யார் யார் உட்காருவது. கடைசி அம்சத்தை அவர் எழுத்தில் வைக்க விரும்பினார். ஒப்புதல் அளித்தவரோடு ஆய்வகத் தலைவரும் விசாரணையில் இருப்பார் என்ற ஒரு வரி. தன் இளமைக் காலத்து நிகழ்வை மேலதிகாரியிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

மேலதிகாரி பெரும்பாலான வகைகளுக்கு ஒப்புக்கொண்டார். பாதுகாப்போடு நேரடித் தொடர்புள்ள சோதனைகளுக்கு மறுத்தார். அவற்றில் தலைவர் கையெழுத்து தொடர வேண்டும் என்றார். மேலாளர் அதை எதிர்க்கவில்லை. அந்த ஏணிகள் உயரமானவைதான் என்று அவரும் நினைத்தார். விசாரணை பற்றிய வரி மட்டும் பரிசீலனையில் இருந்தது. வேறு வேலை தேடுவதாகச் சொல்லப்பட்ட பிரிவுப் பொறுப்பாளர் போய்விட்டார். இந்த மாற்றம் முன்பே வந்திருந்தால் அவர் இருந்திருப்பாரா என்று இறுதி அமர்வில் மேலாளர் கேட்டார். கோச் பதில் சொல்லவில்லை. போனவரிடம் விடைபெறும்போது என்ன பேசினீர்கள் என்று கேட்டார். பேசவில்லை என்றார் மேலாளர். அந்த வாரமே அழைத்துப் பேசுவதாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.